கடலைக் கேட்டுக்கொண்டிருந்த கரை: கரை வானொலி நிலையம் என்றால் என்ன?

வானொலி நிலையம் என்றதும் பாட்டும் செய்தியும் நாடகமும் ஒலிபரப்பாகும் ஓரிடம்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே ஒருவர் பேசுவார், ஊர் முழுவதும் கேட்கும். கரை வானொலி நிலையம் அதற்கு நேர்மாறானது. கடலில் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும் கப்பல்களில் எது எந்த நேரத்தில் அழைத்தாலும் அதைக் கேட்பதற்காக, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கையில் பென்சிலோ முன்னால் தட்டச்சுப் பொறியோ வைத்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவராக இரவும் பகலும் ஆட்கள் காத்திருந்த இடம் அது. அனுப்புவதும் அங்கே நடந்தது. ஆனால் அந்த நிலையத்தின் உயிர் கேட்பதில்தான் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகி அந்த நூற்றாண்டு முடியும்போது ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துபோன இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது, யார் செலவில் நடந்தது, ஏன் மூடப்பட்டது என்பதை, இதைப் பற்றி முன்பின் கேள்விப்படாதவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

எளிமையாகச் சொன்னால், கரை வானொலி நிலையம் கடலுக்குள் நீட்டப்பட்ட ஒரு தந்தி அலுவலகம். தரையில் தந்தி கம்பிவழியாகப் போகும். கப்பலுக்குக் கம்பி இழுக்க முடியாது. ஆகவே கம்பி முடியும் இடத்தில் ஒரு நிலையத்தை அமைத்து, அங்கிருந்து வானலைவழியாகச் செய்தியைக் கப்பலுக்குக் கடத்தினார்கள். சென்னையிலிருக்கும் ஒரு தாய், அட்லாண்டிக் கடலில் போகும் கப்பலில் வேலை பார்க்கும் மகனுக்குச் செய்தி அனுப்ப விரும்பினால், தந்திப் படிவத்தில் முகவரியாக மகனின் பெயரையும் கப்பலின் பெயரையும் ஒரு கரை நிலையத்தின் பெயரையும் எழுதினால் போதும். தந்தி அந்தக் கரை நிலையத்துக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் செய்தியைக் கையளிப்பது நிலையத்தின் பாடு.

இதற்கு அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. ஒவ்வொரு நிலையமும் குறித்த நேரங்களில் ஒரு பட்டியலை ஒலிபரப்பும். எந்தெந்தக் கப்பல்களுக்குச் செய்தி காத்திருக்கிறதோ அவற்றின் அழைப்புக்குறிகள் அகரவரிசையில், எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் முறையில் வரும். கப்பலில் இருக்கும் வானொலி அதிகாரி அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன் கப்பலின் குறி வந்தால் நிலையத்தை அழைத்துச் செய்தியைப் பெற்றுக்கொள்வார். வராவிட்டால் அடுத்த பட்டியல்வரை வேறு வேலையைப் பார்ப்பார். அழைப்புக்குறி என்பது வானலையில் ஒரு நிலையத்துக்கு அல்லது கப்பலுக்கு இடப்பட்ட பெயர். உலக நாடுகள் எழுத்துகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டபோது, ஆங்கில எழுத்து 'வி'யில் தொடங்கும் குறிகளில் ஒரு தொகுதி இந்தியாவுக்கு வந்தது. அதனால்தான் இந்திய விமானங்களின் வாலருகே இன்றும் 'வி.டி.' என்று எழுதியிருக்கிறது. அதே தொகுதியிலிருந்துதான் மதராஸ் ரேடியோவுக்கு வி.டபிள்யூ.எம். என்றும் பம்பாய் ரேடியோவுக்கு வி.டபிள்யூ.பி. என்றும் குறிகள் கிடைத்தன. கொழும்பு ரேடியோவின் குறி 4பி.பி.

எல்லாக் கப்பல்களும் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் யாருக்கும் எதுவும் கேட்காது. ஆகவே ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. ஊர்ச் சாவடியில் வந்து ஆளைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, விவரமாகப் பேச வேண்டியதை ஒதுக்குப்புறமாகப் போய்ப் பேசிக்கொள்வதைப் போல, 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ஓர் அலைவரிசையை உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்தார்கள். கூப்பிடுவது அங்கே, பதில் கிடைத்ததும் இருவரும் வேறோர் அலைவரிசைக்கு நகர்ந்துவிட வேண்டும். ஆபத்து அழைப்பு மட்டும் அந்தப் பொதுவிடத்திலேயே நடக்கும், ஏனென்றால் எல்லோருடைய காதும் அங்கேதான் இருக்கிறது. பிற்காலத்தில் மோர்ஸ் தெரியாத சிறு கலங்களுக்காக, குரலில் பேசும் 2182 கிலோஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையும், கரைக்கு அருகில் இருப்பவர்களுக்காக மிகை உயர் அதிர்வெண் பட்டையில் 16-ஆம் தடமும் இதே வகைப் பொதுச் சாவடிகளாகச் சேர்ந்துகொண்டன.

பொதுவிடத்திலும் சந்தடி இருக்கத்தானே செய்யும்? வலுவான நிலையங்கள் அழைத்துக்கொண்டிருக்கும்போது, மூழ்கும் கப்பலின் பலவீனமான ஒலி அமுங்கிப் போகலாம். இதற்குக் கண்ட தீர்வுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு மணி நேரத்திலும் 15-ஆம் நிமிடத்திலிருந்து 18-ஆம் நிமிடம்வரையும், 45-ஆம் நிமிடத்திலிருந்து 48-ஆம் நிமிடம்வரையும், 500 கிலோஹெர்ட்ஸில் ஒருவரும் எதையும் அனுப்பக் கூடாது. எல்லோரும் கேட்க மட்டுமே வேண்டும். 2182 கிலோஹெர்ட்ஸுக்கு மணியின் முதல் மூன்று நிமிடங்களும் 30-லிருந்து 33 வரையிலான மூன்று நிமிடங்களும் மௌன நேரம். வானொலி அறைக் கடிகாரத்தின் முகப்பிலேயே முதல் இரண்டு பகுதிகளைச் சிவப்பிலும் பின்னிரண்டைப் பச்சையிலும் தீட்டியிருப்பார்கள். நிமிட முள் சிவப்புக்குள் நுழைந்ததும் அனுப்பும் விசையிலிருந்து கை எடுக்கப்படும். பாதிச் செய்தியில் இருந்தாலும் நிறுத்த வேண்டியதுதான். உலகின் எல்லாக் கடல்களிலும் எல்லோரும் ஒரே மூன்று நிமிடங்களுக்கு வாயை மூடிக்கொண்டு, யாராவது கூப்பிடுகிறார்களா என்று உற்றுக் கேட்பது நாள்தோறும் 48 தடவை நடந்தது.

அந்த மௌனத்தில் எதைக் கேட்க எதிர்பார்த்தார்கள்? மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று இடைவெளி விடாமல் வரும் எஸ்.ஓ.எஸ். இது எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அல்ல. எவ்வளவு இரைச்சலிலும் தவறாமல் காதில் பிடிபடும் ஓசை என்பதற்காகவே 1906-இல் பெர்லினில் நடந்த சர்வதேச மாநாட்டில் ஏற்கப்பட்டு, 1908 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மார்க்கோனி நிறுவனத்தின் ஆட்கள் அதற்கு முன்பு சி.கியூ.டி. என்ற குறியைப் பயன்படுத்தி வந்தார்கள். புதிய குறி வந்த பிறகும் பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை.

கரை நிலையம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் காட்ட, பழைய சி.கியூ.டி. காலத்து நிகழ்ச்சி ஒன்றே போதும். 1909 ஜனவரி 23 அன்று, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் அடர்ந்த பனிமூட்டத்தில், ரிபப்ளிக் என்ற பயணிகள் கப்பல்மீது ஃப்ளோரிடா என்ற இத்தாலியக் கப்பல் மோதியது. ரிபப்ளிக்கின் எந்திர அறையில் வெள்ளம் புகுந்து மின்சாரம் போய்விட்டது. வானொலி ஊழியர் ஜாக் பின்ஸ், சிதைந்துபோன அறையில் உட்கார்ந்துகொண்டு, மின்கலங்களின் துணையோடு செய்தி அனுப்பினார். மின்கலத்தின் வலு கொஞ்சம். அந்த ஒலி நெடுந்தூரம் போகாது. ஆனால் நான்டக்கெட் தீவில் சியாஸ்கான்செட் என்ற ஊரில் இருந்த கரை நிலையத்துக்கு அது எட்டிவிட்டது. நிலையம் அந்த முனகலை வாங்கித் தன் சொந்த வலுவில் உரத்த குரலாக்கிக் கடல் முழுவதும் பரப்பியது. அதைக் கேட்டுத் திரும்பிய பால்டிக் என்ற கப்பல் பல மணி நேரம் மூடுபனியில் தேடி, இரண்டு கப்பல்களிலும் இருந்த சுமார் 1,500 பேரை ஏற்றிக்கொண்டது. ரிபப்ளிக் மறுநாள் மூழ்கியது. மோதலில் இறந்த சிலரைத் தவிர மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். பலவீனமானவன் சொல்வதை வலுவுள்ளவன் திருப்பிச் சொல்லும் இந்த வேலைக்கு மறு அஞ்சல் என்று பெயர். கரை நிலையங்களின் வரலாற்றில் பாதி இதுதான்.

மூன்றாண்டுகள் கழித்து, 1912 ஏப்ரல் 14 இரவில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அதில் ஒரு கரை நிலையத்துக்கும் பங்குண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. டைட்டானிக் கப்பலின் ஊழியர் ஜாக் ஃபிலிப்ஸ், நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் நிலையத்தோடு தொடர்பு கிடைத்ததும், குவிந்து கிடந்த பயணிகளின் தனிப்பட்ட தந்திகளை மும்முரமாக அனுப்பிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பல், தன்னைப் பனிக்கட்டி சூழ்ந்துவிட்டதாக எச்சரித்தபோது, "வாயை மூடு, நான் கேப் ரேஸோடு வேலையாக இருக்கிறேன்" என்ற பொருளில் பதில் சொன்னார். கலிஃபோர்னியனில் ஒரே ஒரு வானொலி ஊழியர்தான். அவர் சிறிது நேரத்தில் கருவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். பனிப்பாறை மோதியது அதற்குப் பிறகு. ஃபிலிப்ஸைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் அப்போது செய்துகொண்டிருந்தது, அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் அவரிடம் எதிர்பார்த்த வேலையைத்தான். அதன் பிறகு நடந்த சர்வதேச மாநாடுகளில்தான், கப்பல்களில் இடைவிடாத கேட்புக் காவலும் மேலே சொன்ன மௌன நேரமும் படிப்படியாகச் சட்டமாயின.

இங்கேதான் கரை நிலையத்தைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையான செய்தி இருக்கிறது: அதன் வரவு செலவு. ஆபத்து அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. வாங்கவும் முடியாது, மூழ்குகிறவனிடம் சொல்லுக்கு இவ்வளவு என்று யார் கேட்பது? கலங்கரை விளக்கத்துக்கு, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வசூலிக்கும் வழக்கம் உண்டு. கேட்பதற்கென்று அப்படிக் கட்டணம் வசூலிக்கப்படவில்லை. மாறாக, சாதாரணத் தந்திகள் ஒவ்வொன்றுக்கும் சொற்கணக்கில் மூன்று பங்காகக் காசு வாங்கினார்கள்: கப்பலுக்கு ஒன்று, கரை நிலையத்துக்கு ஒன்று, தரைவழிக் கம்பிக்கு ஒன்று. நாடுகள் இந்தக் கணக்கைத் தங்களுக்குள் 'தங்க பிராங்க்' என்ற கற்பனை நாணயத்தில் தீர்த்துக்கொண்டன. பிறந்தநாள் வாழ்த்து, சரக்கு விலை, கப்பல் முதலாளியின் உத்தரவு, "குழந்தை பிறந்தது, தாய் சேய் நலம்" என்பன போன்ற அன்றாடச் செய்திகளில் வந்த வருமானத்தில்தான், காசு தராத அந்த ஓர் அழைப்புக்காக விழித்திருக்கும் ஆட்களுக்குச் சம்பளம் போயிற்று. நிலையங்களைப் பெரும்பாலும் அஞ்சல் தந்தித் துறைகளே நடத்தியதால் இந்தக் கணக்கு யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அந்த வருமானம் சிறிதல்ல. இங்கிலாந்தின் போர்ட்டிஸ்ஹெட் ரேடியோ, தொலைதூரக் கப்பல்களோடு தொடர்புகொள்ளும் நிலையங்களில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. 1970-களின் நடுவில் அது ஆண்டுக்கு இரண்டு கோடி சொற்களுக்கு மேல் கையாண்டது. பெயர் போர்ட்டிஸ்ஹெட் என்றாலும், கேட்பவர்கள் உட்கார்ந்திருந்தது சோமர்செட் பகுதியில் ஹைபிரிட்ஜ் என்ற வேறோர் ஊரில். தன் சொந்த ஒலிபரப்பின் முழக்கத்தில் தொலைவிலிருந்து வரும் மெல்லிய ஒலி காதில் விழாது என்பதால், அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் பல மைல் இடைவெளியில் வைப்பது பெரிய நிலையங்களின் வழக்கம்.

தொலைதூரம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 500 கிலோஹெர்ட்ஸ் பகலில் சில நூறு கிலோமீட்டர் போகும். இரவில் அதைவிட வெகுதூரம் போகும். சிற்றலை எனப்படும் உயர் அதிர்வெண்கள், வானின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பூமியின் மறுபக்கத்தில்கூட இறங்கும். ஆனால் அந்த அடுக்கு வெயிலுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். பகலில் உயர்ந்த அதிர்வெண், இரவில் தாழ்ந்தது என்பது பொது விதி. எந்த நேரத்தில் எந்தக் கடலுக்கு எந்த அலைவரிசை என்பதை நல்ல ஊழியர், கடலோடி காற்றை அறிவதைப் போல, பழக்கத்தில் அறிந்திருப்பார். எதிர்முனையில் மோர்ஸ் விசையைத் தட்டுகிறவரை அவருடைய கைவாகிலிருந்தே, பெயர் சொல்லுமுன் அடையாளம் கண்டுகொள்ளவும் அவரால் முடியும்.

தந்தியும் ஆபத்தும் மட்டுமே வேலை அல்ல. மருத்துவர் இல்லாத சரக்குக் கப்பலில் ஒருவருக்கு நோய் வந்தால், அறிகுறிகளைக் கரை நிலையத்துக்கு அனுப்பி மருத்துவரின் ஆலோசனையைப் பெறலாம். ரோமில் 1935-இல் இதற்கென்றே ஒரு சர்வதேச வானொலி மருத்துவ மையம் தொடங்கப்பட்டது; அதன் முதல் தலைவர் மார்க்கோனி. கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தின் காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் குறித்து அனுப்ப, அவை வானிலை அலுவலகங்களுக்குப் போய்ப் புயல் எச்சரிக்கையாகத் திரும்பி வந்தன. செயற்கைக்கோள் படம் இல்லாத நாளில், நடுக்கடலின் வானிலையை அறிய அதுவே முதன்மையான வழி. நேரக் குறியீடும் உண்டு: கடிகாரம் நான்கு நொடி பிசகினால் நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடக்கணக்கு ஒரு கடல் மைல் பிசகும் என்பதால், துல்லியமான நேரம் என்பது மாலுமிக்கு உயிர்நாடி.

போர் வந்தால் இந்த நிலையங்கள் முதல் இலக்காயின. இதில் தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள கதை ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைமீது குண்டு வீசி, எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல் எம்டன், நம் பேச்சுவழக்கில் கெட்டிக்காரனையும் கில்லாடியையும் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அந்த எம்டனின் கதையை முடித்தது எது என்று கேட்டால், கோகோஸ் தீவுக் கூட்டத்தில் டைரக்‌ஷன் தீவில் இருந்த சிறிய கம்பித் தந்தி, வானொலி நிலையம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தை அழிக்கவே 1914 நவம்பர் 9 காலையில் எம்டன் அங்கே வந்தது. அடையாளம் தெரியாத கப்பல் நுழைவதைக் கண்ட ஊழியர்கள் உடனே அதை அறிவித்து எஸ்.ஓ.எஸ். அனுப்பினார்கள், எம்டன் தன் கருவியால் இரைச்சல் எழுப்பி அதை மறைக்க முயன்றது. கரையிறங்கிய ஜெர்மானியர்கள் கம்பத்தைச் சாய்ப்பதற்குள் செய்தி போய்விட்டது. அருகே துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி சில மணி நேரத்தில் வந்துசேர, எம்டன் நொறுங்கித் தரைதட்டியது. அத்தனை கப்பல்களுக்குத் தப்பிய எம்டன், காதும் விசையும் மட்டுமே வைத்திருந்த சில ஊழியர்களிடம் சிக்கியது.

அப்படிப்பட்ட ஏற்பாடு ஏன் மூடப்பட்டது? செயற்கைக்கோள் வந்ததால் என்பது சரியான, ஆனால் பாதி விடை. 1979-இல் இன்மர்சாட் என்ற அமைப்பு தொடங்கப்பட்ட பின், கப்பலிலிருந்து நேரடியாகத் தொலைபேசவும் டெலக்ஸ் என்ற தட்டச்சுச் செய்தியை அனுப்பவும் முடிந்தது. வாழ்த்தும் வணிகமும் அந்தப் பக்கம் போயின. முன்பு சொன்ன வரவு செலவை நினைத்துப் பாருங்கள்: காசு தரும் செய்திகள் போய்விட்டன, காசு தராத காவல் மட்டும் மிஞ்சியது. அதையும் எந்திரத்திடம் ஒப்படைக்கும் வழியை, உலகளாவிய கடல்சார் ஆபத்து மற்றும் பாதுகாப்பு அமைப்பு என்ற சர்வதேச ஏற்பாடு வகுத்தது. 1992 பிப்ரவரி 1-இல் தொடங்கிப் படிப்படியாக, 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக அது நடைமுறைக்கு வந்தது. கப்பல் மூழ்கினால் தானே மிதந்து எழுந்து 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கூப்பிடும் மிதவை, பொத்தானை அழுத்தினால் இடத்தையும் அடையாளத்தையும் சேர்த்தே அனுப்பும் எண்முறை அழைப்பு ஆகியவை வந்தன. மோர்ஸும் மோர்ஸ் தெரிந்த வானொலி அதிகாரியும் தேவையற்றுப் போனார்கள். பாதுகாப்பு குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். நள்ளிரவில் தனியாக மூழ்கும் கப்பலுக்கு அந்த மிதவை எந்த மனிதக் காதையும்விட நம்பகமானது. ஆனால் அது அந்தக் கருவியை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களின் படகுகளில் இருந்த வானொலிக் கருவிகள் எட்டும் தூரம் மிகக் குறைவு. எச்சரிக்கை அவர்களைச் சென்று சேரவில்லை.

நிலையங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. 1997 ஜனவரி 31 அன்று பிரெஞ்சுக் கடற்படை 500 கிலோஹெர்ட்ஸில் தன் காவலை முடித்தபோது, நிரந்தர மௌனத்துக்கு முன் இதுவே தங்கள் கடைசிக் குரல் என்று அனைவருக்கும் அறிவித்தது. 1907-இல் தொடங்கிய ஜெர்மனியின் நோர்ட்டைக் ரேடியோ 1998 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் நெதர்லாந்தின் ஸ்கெவனிங்கன் ரேடியோவும் இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் வணிக மோர்ஸின் கடைசிச் செய்தி 1999 ஜூலை 12 அன்று, 1844-இல் சாமுவேல் மோர்ஸ் அனுப்பிய விவிலிய வாசகத்தோடே முடிந்தது. போர்ட்டிஸ்ஹெட் 2000 ஏப்ரல்வரை தாக்குப்பிடித்தது. நம் நாட்டில் தரைவழித் தந்தி 2013 ஜூலை வரை இருந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். கடல் தந்தி அதற்கு முன்பே போய்விட்டது.

இப்படி மூடப்பட்ட நிலையங்களுள் ஒன்று ஆண்டுதோறும் ஓர் இரவில் விழிக்கிறது. கலிஃபோர்னியாவின் கே.பி.எச். நிலையத்தின் குறியில் உள்ள கடைசி இரண்டு எழுத்துகள், அது முதலில் இயங்கிய சான் பிரான்சிஸ்கோ பேலஸ் ஹோட்டலின் முதலெழுத்துகள். 1906 நிலநடுக்கம் அதை அங்கிருந்து கிளப்பியது. பிற்காலத்தில் பொலினாஸில் அனுப்பும் நிலையமும், பாயிண்ட் ரெய்ஸில் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் கவிந்த பாதையின் முடிவில் கேட்கும் நிலையமும் அமைந்தன. பழைய ஊழியர்களும் ஆர்வலர்களும் சேர்ந்த கடல்சார் வானொலி வரலாற்றுச் சங்கம், அந்தக் கட்டடங்களையும் கருவிகளையும் செப்பனிட்டு வைத்திருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே கூடுவதை, மோர்ஸ் அனுப்பப் பயன்படும் தொடர் அலையின் பெயரால், 'தொடர் அலைத் திருச்சபை' என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 12 மாலை 5 மணி 1 நிமிடத்துக்கு கே.பி.எச். மறுபடி வானலைக்கு வருகிறது. அந்த இரவை அவர்கள் இரவுகளின் இரவு என்று அழைக்கிறார்கள். நம் கடிகாரத்தில் அது ஜூலை 13 விடிகாலை 5:31. சிற்றலை வாங்கி உள்ளவர்கள் 12,808.5 அல்லது 17,016.8 கிலோஹெர்ட்ஸில் தேடிப் பார்க்கலாம். அத்தனை தூரத்திலிருந்து கிடைப்பது அன்றைய வானத்தைப் பொறுத்தது. கிடைத்தால் முதலில் காதில் விழுவது கே.பி.எச். என்ற குறி திரும்பத் திரும்ப வருவதாக இருக்கும். அதன் முடிவில் வரும் கோடு, புள்ளி, கோடு என்ற ஒற்றை எழுத்துக்கு, இனி நீங்கள் அனுப்பலாம், நாங்கள் கேட்கிறோம் என்று பொருள்.